டீன்ஏஜ் பிள்ளைகளோடு கரீபியன் க்ரூஸ்: எந்தக் காசு தகும், எந்தக் காசு தண்டம்

கரீபியன் க்ரூஸுக்குப் பணம் கட்டும் முன் எல்லாரும் பார்ப்பது எந்தெந்தத் தீவு என்பதைத்தான். வீட்டில் 13 வயதைத் தாண்டிய பிள்ளை இருந்தால் அதைக் கடைசியில் பார்த்தால் போதும். 7 இரவுப் பயணத்தில் மூன்று, நான்கு துறைமுகங்கள் வரும். ஒவ்வொன்றிலும் எட்டு மணி நேரம் என்று வைத்தாலும் கரையில் இருப்பது 30 மணி நேரத்தைச் சுற்றித்தான் நிற்கும். மீதிப் பொழுதெல்லாம் கப்பல்தான். அது பிடிக்காமல் போனால் பிள்ளை கேபினில் போனும் கையுமாகச் சுருண்டுவிடும். அந்த வைஃபைக்கும் தனியாகக் காசு.

ஃபுளோரிடாவிலிருந்து கிளம்பும் ராயல் கரீபியன் நிறுவனத்தின் பெரிய கப்பல்களை வைத்தே இந்த மதிப்பீடு. ஓயாசிஸ் வகையும், 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸும் இதில் அடக்கம். விஷயம் மாறும் இடத்தில் மற்ற நிறுவனங்களையும் சொல்கிறோம். சுருக்கமாகச் சொன்னால், டீன்ஏஜ் பிள்ளைகளுக்கு இந்தப் பெரிய கப்பல்கள் கொடுத்த காசுக்குத் தகும். கூடுதல் கட்டணங்கள் என்று நீட்டும் பட்டியலில் பாதி தகாது.

முதலில் பார்க்க வேண்டியது டீன் கிளப்பின், அதாவது கப்பலில் டீன்ஏஜ் பிள்ளைகள் மட்டும் கூடும் இடத்தின், வயதுக் கோடு. ராயல் கரீபியனிலும் நார்வீஜியனிலும் 13 முதல் 17 வரை ஒரே கூட்டம். கார்னிவலில் 12–14 ஒரு கிளப், 15–17 இன்னொன்று. டிஸ்னியில் 11–14, 14–17 என்று இரண்டு. 14 வயதுக்காரர் எதில் வேண்டுமானாலும் சேரலாம். பிறந்த தேதியை வைத்துத்தான் சேர்ப்பார்கள், கெஞ்சினாலும் நடக்காது. 12, 14 வயதில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் ராயல் கரீபியனில் சின்னது குழந்தைகள் கிளப்புக்குப் போக வேண்டிவரும். ஒரு வாரம் முழுக்க அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதே இருவரும் கார்னிவலில் ஒரே கிளப்பில் இருப்பார்கள். 13க்கும் 17க்கும் நடுவே உள்ள தூரம் இன்னொரு தலைவலி: 17 வயதுக்காரருக்கு அங்கே இருப்பதெல்லாம் சின்னப் பசங்களாகத் தெரியும்.

முதல் நாள் இரவுதான் எல்லாம். கப்பல் கிளம்பிய அன்று இரவு கிளப்பில் நடக்கும் அறிமுகக் கூட்டத்திலேயே கும்பல்கள் சேர்ந்துவிடும். மூன்றாம் நாள் போய் நிற்கும் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்வது கஷ்டம். களைப்பாக இருக்கிறது என்றாலும் அரை மணி நேரமாவது தள்ளிவிடுங்கள். டீன் கிளப்பில் கையெழுத்துப் போட்டுச் சேர்க்கவும் வேண்டாம், அழைத்து வரவும் வேண்டாம். நினைத்தபோது வருவார்கள், போவார்கள். பெரும்பாலான கப்பல்களில் இரவு 1 மணிக்கு மேல் சிறுவர்கள் தனியாகச் சுற்றக் கூடாது என்ற விதி உண்டு.

இதோடு சேர்ந்ததுதான் எந்த மாதம் என்பதும். செப்டம்பர், அக்டோபரில் டிக்கெட் மலிவு. ஆனால் அமெரிக்காவில் பள்ளிகள் திறந்திருக்கும், கப்பலில் டீன்ஏஜ் பிள்ளைகளே இருக்க மாட்டார்கள். ஆளில்லாத கிளப்பில் பிங்பாங் மேசை மட்டும் இருக்கும். ஜூன், ஜூலை, மார்ச் விடுமுறை வாரங்கள், கிறிஸ்துமஸ் ஆகியவை விலை கூடினாலும் பிள்ளைகளுக்குச் சரியான காலம். அட்லாண்டிக் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்றாலும், அதன் உச்சம் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை. புயல் வந்தால் கப்பல் ரத்தாவது அபூர்வம், பாதைதான் மாறும். மெக்சிகோவுக்குக் கட்டிய பணத்தில் பஹாமாஸ் பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம். தவறவிட்ட துறைமுகத்தின் வரி மட்டும் திரும்பி வரும். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கும்.

கேபினில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சாதாரண பால்கனி கேபின் ஏறத்தாழ 180 சதுர அடி. நான்கு பேர் என்றால் பெற்றோருக்குக் கட்டில், ஒரு பிள்ளைக்கு விரிக்கும் சோபா, இன்னொன்றுக்கு மேலிருந்து இறங்கும் பலகைக் கட்டில். சோபாவை விரித்தால் பால்கனிக்குப் போகிற வழி அடைபடும். ஒரே குளியலறை, அதில் ஐந்தரை அடி உயரப் பிள்ளைகள் இருவர். இரவு 12.30க்குப் பீட்சா தின்றுவிட்டு வருபவர் எல்லாரையும் எழுப்பிவிட்டுத்தான் படுப்பார். நால்வருக்கு ஒரு பால்கனி கேபின் என்ன விலை, பெற்றோருக்குப் பால்கனியும் பிள்ளைகளுக்கு எதிரே ஜன்னலில்லாத உள் கேபினும் என்ன விலை என்று இரண்டையும் போட்டுப் பாருங்கள். மூன்றாவது, நான்காவது ஆளுக்குத் தள்ளுபடி இல்லாத வாரங்களில் வித்தியாசம் எதிர்பார்த்த அளவு இருக்காது. 21 வயதுக்கு உட்பட்டவர் தனிக் கேபினில் தங்குவதற்கு விதிகள் உண்டு என்பதால் பதிவு செய்யும்போது கேபினுக்கு ஒரு பெரியவர் பெயரைப் போட்டுவிட்டு, ஏறியதும் கெஸ்ட் சர்வீஸ் கவுண்டரில் கூடுதல் சாவி வாங்கிக்கொள்வதே பலரும் செய்வது. ஐகானில் ஃபேமிலி இன்ஃபினைட் பால்கனி என்றொரு வகை இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தனி மறைவில் அடுக்குக் கட்டில். ஒரே கேபின்தான் என்று முடிவானால் அதைத் தேடுங்கள்.

கேபினில் பிளக் பாயின்ட் கொஞ்சம்தான். எக்ஸ்டென்ஷன் கார்டு கொண்டுபோனால் ஏறும்போதே பறிமுதல். நான்கைந்து யூஎஸ்பி துளை உள்ள சார்ஜர் ஒன்று போதும். சுவர்கள் இரும்பு, காந்தக் கொக்கிகள் நாலு வாங்கிப் போனால் ஈரத்துணி தொங்கவிடலாம்.

விளையாட்டுகளில் ஃப்ளோரைடர் எனும் செயற்கை அலைச்சறுக்கு, பாறை ஏற்றம், பனிச்சறுக்கு (ஐஸ் ஸ்கேட்டிங்) எல்லாம் இலவசம். ஆனால் நிபந்தனைகள் உண்டு. ஃப்ளோரைடரில் படுத்துச் சறுக்க 52 அங்குல உயரம் வேண்டும், நின்று சறுக்க 58. பெற்றோர் ஒப்புதல் கொடுக்காமல் சிறுவர்களை ஏற்ற மாட்டார்கள். முதல் நாள் மதியமே அதை முடித்துவிட்டால் பிறகு பிள்ளை உங்களைக் கப்பல் முழுக்கத் தேட வேண்டியதில்லை. பாறை ஏற்றத்துக்கு ஷூ அங்கேயே தருவார்கள், சாக்ஸ் தர மாட்டார்கள். பனிச்சறுக்குக்குச் சாக்ஸோடு முழுக்கால் பேண்டும் வேண்டும். கரீபியன்தானே என்று அரைக்கால் சட்டையும் செருப்பும் மட்டும் அடைத்துக்கொண்டு வந்து வரிசையிலிருந்து திரும்பிப் போகிறவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. தண்ணீர்ச் சறுக்குகளுக்கு, கப்பல் எங்கும் நிற்காத கடல் நாளில் வரிசை நீளும். கூட்டமெல்லாம் ஊர் பார்க்கப் போயிருக்கும் துறைமுக நாளின் காலையில் அதே சறுக்கில் மூச்சு வாங்கும்வரை ஏறி இறங்கலாம்.

காசு விஷயம். டிக்கெட் விலைக்கு மேல் டிப்ஸ் கட்டாயம் மாதிரிதான்: ராயல் கரீபியனில் சாதாரண கேபினுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 18.50 டாலர். நான்கு பேர், ஏழு இரவு என்றால் 518 டாலர். பிள்ளைக்கும் முழு டிப்ஸ்தான். சோடா பேக்கேஜ் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு டம்ளர் குடிக்கிற பிள்ளைக்கு மட்டும் கட்டுப்படியாகும்; விலைக்கு மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம் ஏறும். தண்ணீர், எலுமிச்சைச் சாறு, ஐஸ் டீ இலவசம். வைஃபை, பானம், எக்ஸ்கர்ஷன் (துறைமுகத்தில் இறங்கி ஊர் சுற்றும் பயணம்) எதுவானாலும் கிளம்பும் முன்பே நிறுவனத்தின் இணையதளத்தில் வாங்குங்கள், கப்பலில் விலை கூடும். வாங்கிய பிறகு விலை இறங்கினால் கிளம்புவதற்குள் ரத்து செய்துவிட்டு மறுபடி வாங்கலாம். வைஃபை கருவிக் கணக்கு. ஒரு கருவிக்கு வாங்கி, ஒருவர் வெளியேறியதும் இன்னொருவர் நுழைந்து பகிர்ந்துகொள்ளலாம். சண்டை வரும், ஆனாலும் லாபம்.

உண்மையான ஓட்டை ஆர்கேடு, அதாவது வீடியோ கேம் கூடம். கேபின் அட்டைதான் கப்பலில் பணம். பிள்ளை அதை இயந்திரத்தில் தேய்க்கத் தேய்க்கப் பெற்றோர் கணக்கில் ஏறும். நாலாம் நாள் கணக்கைத் திறந்தால் பகீரென்றிருக்கும். ஏறிய அன்றே கவுண்டரில் சொல்லி அந்த அட்டைக்கு வரம்பு வையுங்கள், அல்லது செலவு செய்யும் வசதியையே நிறுத்துங்கள்.

சாப்பாட்டில் குறை சொல்ல அதிகமில்லை. மெயின் டைனிங் ரூமில் சைவ இந்திய உணவு கேட்டால் செய்து தருவார்கள்; முதல் இரவே தலைமைப் பரிமாறுநரிடம் சொல்லிவிட்டால் மறுநாளிலிருந்து ஒழுங்காக வரும். தனிக் கட்டண உணவகங்கள் டீன்ஏஜ் பிள்ளைகளுக்கு வீண். நள்ளிரவுப் பீட்சா இலவசம், அவர்களுக்கு அது போதும். இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் ஒரே நேரத்தைப் பிடித்துவையுங்கள், பல நாள் குடும்பம் ஒன்றாக உட்காரும் ஒரே வேளை அதுதான். வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோவைரஸுக்கு சானிட்டைசர் சரியாகப் பலிக்காது. பஃபேக்கு முன் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

துறைமுகங்களில் பஹாமாஸில் உள்ள கோகோகே, ராயல் கரீபியனின் தனித் தீவு. கடற்கரை, பெரிய நன்னீர்க் குளம், மதிய உணவு எல்லாம் டிக்கெட்டில் அடக்கம். த்ரில் வாட்டர்பார்க் தனிக் கட்டணம், தேதிக்குத் தேதி விலை மாறும். 135 அடி உயரத்திலிருந்து இறங்கும் சறுக்கு அங்கேதான் இருக்கிறது. கப்பலின் சறுக்குகளில் சலிக்காத பிள்ளைக்கு இதற்கு வேறு கொடுப்பது தண்டம். உயரப் பைத்தியங்களுக்கு மட்டும் வாங்கலாம். பலத்த காற்றடித்தால் கப்பல் அங்கே கரையோடு ஒட்டி நிற்க முடியாமல் போகும். கப்பல் வழியாக வாங்கிய டிக்கெட்டுக்குப் பணம் திரும்பிவிடும்.

மெக்சிகோவின் கோசுமேல் தீவில், எதிர்க்கரையிலுள்ள துலூம் மாயன் இடிபாடுகளுக்குப் போகும் எக்ஸ்கர்ஷன் நன்றாக விற்கும். படகில் முக்கால் மணி நேரம், பிறகு பஸ்ஸில் ஒரு மணி நேரம், அதே தூரம் திரும்ப. படகு ஆட்டத்தில் வாந்தி எடுப்பவர்கள் உண்டு, கையில் மாத்திரை இருக்கட்டும். பவளப்பாறை மீன்களைப் பார்க்கத் தீவிலேயே சாங்கனாப் பூங்கா கப்பல் துறைக்குப் பக்கத்தில் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அதுவே மேல். கிராண்ட் கேமன் தீவில் பெரிய கப்பல் கரையோடு ஒட்டி நிற்கத் துறை இல்லை. சிறு படகில்தான் கரை. இடுப்பளவு தண்ணீரில் திருக்கை மீன்களோடு நிற்கும் ஸ்டிங்ரே சிட்டிக்குப் போனால் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தே நடக்கச் சொல்லுங்கள். மீனை மிதித்தால்தான் கொட்டும்.

செயின்ட் மார்டினில் மாஹோ கடற்கரை, தலைக்கு மேல் விமானம் இறங்கும் இடம். டீன்ஏஜ் பிள்ளைகளுக்கு இந்தப் பயணத்திலேயே பெரிய காட்சி. ஓடுபாதை வேலியைப் பிடித்து நின்று ஜெட் காற்றை வாங்குவது மட்டும் கூடவே கூடாது. 2017இல் அப்படித் தூக்கியெறியப்பட்டு ஒருவர் இறந்தார். சிம்ப்சன் பே தூக்குப்பாலம் திறந்தால் சாலை நின்றுவிடும், திரும்ப ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.

நேரக் குழப்பம் எல்லாருக்கும் பொறி. கோசுமேல் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தில் இருக்கும். மயாமி கோடையில் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். கப்பல் மயாமி நேரத்திலேயே இருந்தால், 4.30க்குள் ஏறு என்றால் உள்ளூர் நேரத்துக்குத் தானாக மாறிய போன் 3.30தான் காட்டும். பிள்ளை கையில் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டி, கப்பல் நேரம் வைத்து அனுப்புங்கள். கப்பல் வழியாக வாங்கிய எக்ஸ்கர்ஷன் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியே வாங்கினால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் பறக்க வேண்டும்.

துணி விஷயத்தில் ஒன்று: ஜமைக்கா, பார்படாஸ், செயின்ட் லூசியா போன்ற நாடுகளில் ராணுவ உடை மாதிரி திட்டுத் திட்டான (காமோஃபிளாஜ்) உடை சட்டப்படி குற்றம். பிள்ளைகளின் அரைக்கால் சட்டை, தொப்பி, பை எல்லாவற்றையும் பாருங்கள். அமெரிக்க விர்ஜின் தீவுகளில் ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்க்ரீனுக்கு 2020 முதல் தடை.

இந்திய பாஸ்போர்ட் என்றால் அமெரிக்க விசா பலமுறை நுழைவுக்கானதாக இருக்க வேண்டும். கப்பல் நாட்டை விட்டு வெளியேறித் திரும்புகிறது, ஒருமுறை நுழைவு விசா முதலில் அமெரிக்காவுக்குள் வரும்போதே தீர்ந்துவிடும். அமெரிக்கக் குடிமக்கள் புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பும் பயணத்தில் பிறப்புச் சான்றிதழோடு ஏறலாம், ஆனால் வழியில் கப்பலைத் தவறவிட்டால் அதை வைத்து விமானம் ஏற முடியாது. முந்தின நாளே துறைமுக ஊருக்கு வந்துவிடுங்கள். ஏறும் நாளில் கொடுத்த பெட்டி கேபினுக்கு வர மாலையாகிவிடும், நீச்சல் உடை கைப்பையில் இருக்கட்டும்.

கடைசி இரவு பெட்டிகளை டேக் கட்டி வாசலுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். மறுநாள் காலைக்கு ஒரு செட் துணியும் ஷூவும் உள்ளே இருக்கிறதா என்று பிள்ளைகளின் கேபினுக்குப் போய் நீங்களே எண்ணுங்கள். அவர்கள் எடுத்து வைத்துவிட்டோம் என்று சொன்னாலும் எண்ணுங்கள்.