கிரோமெட்டா, காதுக்கருவியா? அண்ணப்பிளவுள்ள பிள்ளைக்கு எது?

மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் கிரியோல், பாடத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும், என் வகுப்பில் தமிழ். இத்தனை மொழிகளின் ஒலிகளையும் ஆறு வயதுப் பிள்ளை காதால்தான் பிரிக்க வேண்டும். அண்ணப்பிளவோடு, அதாவது வாயின் மேல்கூரை பிளந்தபடி பிறந்த என் தம்பி மகன் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவே மாட்டான். விளையாட்டுப் புத்தி என்று நானே அதட்டியிருக்கிறேன். அது இன்னும் உறுத்துகிறது.

அண்ணத்தை இழுத்துப் பிடிக்கும் தசைதான் நாம் விழுங்கும்போது மூக்கின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் இணைக்கும் யூஸ்டேசியன் குழாயைத் திறந்துவிடுகிறது. பிளவு இருந்தால் அந்தத் தசைக்குச் சரியான பிடிமானம் இல்லை. குழாய் திறக்காது, காற்று போகாது, நடுக்காதில் பசை மாதிரி நீர் தேங்கும். அண்ணப்பிளவுள்ள கைக்குழந்தைகளில் ஏறக்குறைய எல்லோருக்குமே இது வருகிறது. கேட்கும் திறன் குறைவது பெரும்பாலும் 20 முதல் 40 டெசிபல் வரை. கேட்காத மாதிரியும் இருக்காது, மெல்லிய மெய்யொலிகள் மட்டும் நழுவிப்போகும்.

மற்றப் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் பொறுத்தால் நீர் தானாக வடிவது உண்டு. இவர்களுக்கு அது வருடக்கணக்கில் நீள்வதால், வெறுமனே காத்திருப்பதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை.

கிரோமெட் என்பது செவிப்பறையில் பொருத்தும் சின்னஞ்சிறு குழாய். பொருத்தியவுடன் காற்று உள்ளே போகும், கேட்கும். இந்த உடனடிப் பலன்தான் அதன் பெருமை. ஆனால் பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருடத்தில் தானே விழுந்துவிடும். தசைக்கோளாறு அப்படியே இருப்பதால் நீர் திரும்பும், மறுபடி மயக்க மருந்து, மறுபடி அறுவை. அரசு மருத்துவமனையில் பணம் கேட்கமாட்டார்கள்தான், உடம்பு படும் பாடு குறையாதே. காதில் சீழ் வடியலாம், செவிப்பறையில் தழும்பு விழலாம், சில சமயம் ஓட்டை மூடாமலே நின்றுவிடும்.

காதுக்கருவியில் கத்தியே இல்லை. தலையைச் சுற்றி மெல்லிய பட்டையில் மாட்டும் எலும்புவழிக் கருவி, தேங்கிய நீரைத் தாண்டி ஒலியை நேராக உட்காதுக்கு அனுப்புகிறது. காது வடிந்தாலும் மாட்டலாம், நீர் வற்றினால் கழற்றலாம். சரி, தொல்லை இல்லையா? உண்டு. சின்னப் பிள்ளை பிடுங்கி எறியும். ஜனவரி வெயிலில் பட்டை வியர்வையில் நனையும். அதைவிட முக்கியம், கருவி ஒலியைச் சேர்க்குமே தவிர செவிப்பறையைக் காக்காது. பறை உள்ளே இழுபட்டுப் பள்ளமானால் கொலஸ்டியட்டோமா என்ற, எலும்பை அரிக்கும் வளர்ச்சி வரலாம். அதனால் கருவி போட்டாலும் காது மருத்துவர் அவ்வப்போது பார்த்தே ஆகவேண்டும்.

2008ல் வந்து 2023 வரை நடப்பில் இருந்த பிரிட்டிஷ் மருத்துவ வழிகாட்டுதல், அண்ணம் தைக்கும்போதே கிரோமெட் வைப்பதென்றால் காதையும் கேட்கும் திறனையும் கவனமாகச் சோதித்த பிறகே வைக்க வேண்டும் என்றது. எனக்கும் அதுதான் சரி. சோதனையில் குறைவு தெரிந்தால், எப்படியும் கொடுக்கும் அதே மயக்கத்தில் முதல் கிரோமெட்டை வைத்துவிடலாம். விழுந்து நீர் திரும்பிய பிறகு, பறை நன்றாக இருக்கும்வரை நான் கருவியைத்தான் கேட்பேன்.

எங்கள் பையனுக்கும் அப்படித்தான் செய்தோம். இப்போது கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று கூப்பிட்டாலும் "என்ன அத்தை?" என்கிறான்.