ஜேம்ஸைக் கொடுத்தேன், ரெண்டலை வைத்துக்கொண்டேன்

பிரிட்டிஷ் துப்பறியும் நாவலாசிரியை பி.டி. ஜேம்ஸ் 2014 நவம்பர் 27 அன்று காலமானார். துக்கம் ஆறுவதற்குள், 2015 மே 2 அன்று, அதே துறையில் எழுதிய ரூத் ரெண்டலும் போய்விட்டார். வாசகன் துக்கம் விசாரிக்க யார் வீட்டுக்குப் போவான்? அலமாரியில் இருந்த இருவரையும் மாறி மாறி எடுத்து மறுபடி வாசித்தேன். அப்போதே மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். பின்னால் வீடு மாறியபோது, புது வீட்டில் துப்பறியும் நாவல்களுக்கு ஒரே ஒரு தட்டுதான் மிஞ்சியது. ரெண்டலை வைத்துக்கொண்டு ஜேம்ஸை மூட்டை கட்டிச் சித்தி வீட்டுக்கு அனுப்பினேன்.

பொதுவான விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். இருவரும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் உறுப்பினர்களாக இருந்தவர்கள், ஜேம்ஸ் கன்சர்வேட்டிவ் கட்சி, ரெண்டல் லேபர் கட்சி, ஆனாலும் தோழிகள். ஜேம்ஸின் நடை நிதானமானது, ரெண்டலுடையது வெடுக்கென்றிருக்கும். ஜேம்ஸின் ஆடம் டால்கிளீஷ் கவிதை எழுதும் போலீஸ் அதிகாரி. ரெண்டலின் போலீஸ் அதிகாரி வெக்ஸ்ஃபோர்டு குடும்பஸ்தர். பழைய புத்தகக் கடையில் இருவரும் ஒரே குவியலில்தான் கிடப்பார்கள், விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. என் முடிவைத் தீர்மானித்த கேள்வி வேறு: கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கத் தோன்றுமா?

ஜேம்ஸுக்கு உரிய நியாயத்தைச் செய்தாக வேண்டும். போரிலிருந்து மனநலம் குன்றித் திரும்பிய கணவரையும் இரண்டு பெண் குழந்தைகளையும் காப்பாற்ற ஆஸ்பத்திரி நிர்வாக வேலைக்குப் போனவர் அவர். பிறகு 1979 வரை உள்துறை அலுவலகத்தில் வேலை. அதனால் ஒரு நிறுவனம் உள்ளே எப்படி ஓடுகிறது, யார் யாரைப் பார்த்துப் பொருமுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. 1971இல் வந்த ‘ஷ்ரவுட் ஃபார் எ நைட்டிங்கேல்’ ஒரு நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் நடக்கிறது. குழாய் வழியே வயிற்றுக்கு உணவு செலுத்துவது எப்படி என்று செய்துகாட்ட, மாணவி ஒருத்தி நோயாளியாகப் படுத்துக்கொள்கிறாள். பாலுக்குப் பதிலாக யாரோ கிருமிநாசினியை வைத்திருக்கிறார்கள். மற்ற மாணவிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உயிர் போகிறது. முப்பது வருடம் நர்ஸாக இருந்த என் சித்தி அந்த அத்தியாயத்தை வாசித்துவிட்டு, “ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறதடா” என்றார். அதற்கு மேல் ஒரு பாராட்டு வேண்டுமா?

ஆனால் இரண்டாம் வாசிப்பில் எனக்குச் சிக்கல் வந்தது. கொலைக்கும் விடைக்கும் நடுவில் நீளும் விசாரணைகளில், ஒவ்வொருவரும் எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் முதல் முறை என்னை இழுத்துச் சென்றது. மறைத்தது யார் என்று தெரிந்துவிட்ட பிறகு அறைகளின் வர்ணனை மட்டும் கையில் நிற்கிறது. நல்ல வர்ணனைதான், ஆனாலும் பக்கங்களைத் தள்ளத்தான் செய்தேன்.

ரெண்டலின் ‘எ ஜட்ஜ்மென்ட் இன் ஸ்டோன்’ 1977இல் வந்தது. யார் கொன்றாள், எந்தக் குடும்பத்தைக் கொன்றாள், எதனால் கொன்றாள் என்று மூன்றையும் முதல் வாக்கியமே போட்டு உடைத்துவிடுகிறது. கொன்றவள் வீட்டு வேலைக்காரி யூனிஸ். காரணம், அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதற்கு மேல் ஒளிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த வீட்டில் சமையல் மேஜைமேல் வைக்கப்படும் ஒரு சாதாரணச் சீட்டைக் கூட நம்மால் பதறாமல் பார்க்க முடிவதில்லை. எஜமானிக்கு அது வேலைக் குறிப்பு, யூனிஸுக்குக் கண்ணி.

மாட்டிக்கொள்ளாமல் இருக்க யூனிஸ் ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறாள். அது கையில் இல்லை என்பது எப்போதும் உதவும் சாக்கு. ஒருநாள் அந்த வீட்டுப் பெண் மெலிண்டா, பத்திரிகையில் வந்த ஒரு கேள்வி-பதில் விளையாட்டை அவளோடு சேர்ந்து விளையாடலாம் என்று ஆசையாகக் கூப்பிடுகிறாள். கண்ணாடியையும் எடுத்து நீட்டப் போனவள் விளையாட்டாகத் தானே போட்டுப் பார்க்கிறாள். பவர் இல்லாத வெறும் கண்ணாடி! அந்தப் பெண்ணிடம் துளி கெட்ட எண்ணம் இல்லை. அவள் அன்பாகப் பேசப் பேச, அந்த வீட்டுக்குச் சாவு நெருங்குகிறது. முதல் முறை கதை எங்கே போகிறது என்று பார்த்தேன். மூன்றாம் முறை வாசிக்கையில் அந்தப் பெண்ணைப் புத்தகத்துக்குள் கை விட்டு இழுத்துவிடலாமா என்றிருந்தது. இவ்வளவும் சொன்னதால் கதை கெட்டுப்போகவில்லை என்பதே என் வாதம்.

இளம் வயதில் ரெண்டல் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் நிருபர். டென்னிஸ் கிளப் விருந்து ஒன்றுக்குப் போகாமலேயே போனதுபோலச் செய்தி எழுதிக் கொடுத்தார். அன்று பேச்சாளர் பேச்சின் நடுவிலேயே இறந்துபோயிருந்தார்! அத்தோடு அந்த வேலை போயிற்று. ஒரு சாவைத் தவறவிட்டவர், பிற்காலத்தில் சாவை முதல் வரியிலேயே வைத்துப் பேர் வாங்கினார்.

பார்பரா வைன் என்ற புனைபெயரில் அவர் எழுதியவற்றில் இரண்டுதான் வாசித்திருக்கிறேன். அதிகம் பேச எனக்குத் தகுதியில்லை. அவற்றில் ‘எ டார்க்-அடாப்டட் ஐ’ (1986), கதை சொல்பவளின் அத்தைக்குத் தூக்கு நிறைவேறும் காலையில் தொடங்குகிறது. அதுவும் என் அளவுகோலுக்கு நன்றாகவே தாங்கியது. இருபத்து நான்கு வெக்ஸ்ஃபோர்டு நாவல்களுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே கொலையாளியைக் கடைசி வரை ஒளித்துத்தான் வைக்கிறார். அவற்றில் பாதி, பாசத்தால்தான் தட்டில் இருக்கின்றன. ஜேம்ஸின் கடைசி நாவல்களை ஒரே ஒரு முறைதான் வாசித்தேன். அவற்றை எடைபோட அது போதாது.

புதிதாகத் தொடங்குபவர் ஒரே ஒரு தடவைதான் வாசிக்கப் போகிறார் என்றால் ஜேம்ஸையே கொடுப்பேன். இடத்தைக் கண்முன் நிறுத்துவதில் ரெண்டல் அவருக்கு ஒரு படி கீழேதான்.

போன மாதம் சித்தி போன் செய்தார். அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில், நார்ஃபோக் கடற்கரையில் நடக்கும் ஜேம்ஸ் நாவலில் பாதி வந்திருக்கிறாராம்.

“கொலைகாரன் யார் என்று மட்டும் சொல்லிவிடாதே.”

“சொல்ல முடியாது சித்தி, எனக்கே மறந்துவிட்டது.”

“அப்படியானால் நீயும் புதிதாகப் படிக்கலாமே. அப்புறம் எதற்கு எனக்குக் கொடுத்தாய்?”

முடித்ததும் அந்த ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.