ஆளுக்கொரு ஐபேட்: ஒரு தமிழ் வகுப்பின் ஐந்தாண்டு அனுபவம்

சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். 2021இல் எங்கள் மாணவர்கள் கைக்கு ஆளுக்கொரு ஐபேட் வந்தது. வந்த புதிதில் எழுதியிருந்தால் திரை எப்படி, வேகம் எப்படி என்றுதான் எழுதியிருப்பேன். ஐந்தாண்டு வகுப்பில் புழங்கிய பிறகு, சொல்வதற்கு வேறு விஷயங்கள் இருக்கின்றன.

கல்வி அமைச்சு இதை 2020 மார்ச்சில் அறிவித்தபோது 2028க்குள் எல்லா உயர்நிலை மாணவர்களுக்கும் என்பதுதான் திட்டம். அடுத்த மாதமே கொரோனா முடக்கம் வந்து எல்லாரையும் வீட்டில் உட்கார வைத்தது. ஒரே மடிக்கணினிக்கு அண்ணன் காலையில், தங்கை மதியம் என்று முறை வைத்த வீடுகளை நாங்கள் எல்லாருமே பார்த்தோம். திட்டத்தை முன்னுக்கு இழுத்து 2021க்குள்ளேயே முடித்தார்கள். மாணவர்களின் கல்விச் செலவுக்கு அரசு பணம் போடும் எடுசேவ் கணக்கிலிருந்து கட்டலாம், வசதி குறைந்த குடும்பங்களுக்குக் கூடுதல் உதவியும் உண்டு. எங்கள் வகுப்பில் எல்லா மேசையிலும் ஒரே மாதிரிக் கருவி. யார் வீட்டில் என்ன வசதி என்று மேசையைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்த ஒன்றுக்காகவே நான் இத்திட்டத்தின் பக்கம்.

எனக்குக் கிடைத்த பெரிய பலன் பேச்சில்தான். தமிழ் வாய்மொழித் தேர்வில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி உரையாட வேண்டும். முன்பெல்லாம் காணொளியை வகுப்பின் பெரிய திரையில் ஓடவிட்டு, ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்பேன். இருபது பேர், ஒரு மணி நேரம். வீட்டில் தமிழ் பேசும் நாலைந்து பிள்ளைகள் பேசுவார்கள், மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். இப்போது அவரவர் கருவியில் பார்த்து, நிறுத்தி, திரும்பப் பார்த்து, பேசிப் பதிவுசெய்து, கல்வி அமைச்சின் இணையத் தளமான மாணவர் கற்றல் தளத்தில் ஏற்றுகிறார்கள். ஒரே நேரத்தில் இருபது பேரும் பேசுகிறார்கள்.

ஒரு மாணவி இரண்டு ஆண்டுகளாக என்னிடம் ‘ஆமாம்’, ‘தெரியல’ என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. உணவங்காடி நிலையத்தில் ஒரு முதியவர் தனியாகச் சாப்பிடும் காட்சியைக் கொடுத்திருந்தேன். அவள் தன் பாட்டியைப் பற்றி இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசி அனுப்பியிருந்தாள். பாட்டி தட்டின் ஓரத்தில் அவளுக்கென்று ஒரு துண்டு மீனை ஒதுக்கி வைப்பாராம். பின்னால் மாடிப்படியில் யாரோ ஓடும் சத்தம். மறுநாள் கேட்டேன். “ஏழு தடவை அழிச்சிட்டுப் பேசினேன் டீச்சர்,” என்றாள். எல்லார் முன்னாலும் எழுந்து நின்றால் அந்த ஏழு தடவைக்கு இடம் ஏது?

அடுத்தது தட்டச்சு. ஐபேட்டில் அஞ்சல், தமிழ்99 இரண்டு விசைப்பலகைகளும் கூடவே வருகின்றன. அஞ்சல் ஆங்கில எழுத்துகளை வைத்து அடிப்பது, பிள்ளைகளுக்கு உடனே கைவரும். தமிழ்99இல் விசைகளே தமிழ் எழுத்துகள். நான் பிடிவாதமாகத் தமிழ்99ஐத்தான் பழக்கினேன். அதில் ல, ள, ழ மூன்றும் மூன்று தனி விசைகள். எது வேண்டும் என்று பிள்ளை யோசித்தே ஆக வேண்டும். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கு விசைகள். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். கடைசியில் தட்டிய ஆ முன்னிருக்கும் ம-வோடு சேர்ந்து மா ஆகிவிடும். உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய் என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். விரலால் தட்டிப் பார்த்த அன்றுதான் பலருக்கும் அது விளங்கியது.

குறைகளும் சின்னவை அல்ல. இரண்டாம் ஆண்டிலேயே கையெழுத்து சரியத் தொடங்கியது. ண-வுக்கும் ன-வுக்கும் சுழி எத்தனை என்று தடுமாறினார்கள். அதனால் கட்டுரை என்றால் இப்போது தாளும் பேனாவும் மட்டும்தான். பாட நேரத்தில் விளையாட்டுக்குத் தாவுவதும் உண்டு. கண்காணிப்புச் செயலி எவ்வளவோ தடுக்கிறது, எல்லாவற்றையும் அல்ல. வகுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் கருவியைத் திறக்கச் சொல்கிறேன்.

மறக்க முடியாதது 2024 ஆகஸ்ட். அப்போதிருந்த கண்காணிப்புச் செயலிக்குள்ளேயே யாரோ ஊடுருவி, 26 உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 13,000 மாணவர்களின் கருவிகளில் இருந்ததை அழித்துவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் சிலரும் அதில் சிக்கினார்கள். தளத்தில் ஏற்றிய குரல் பதிவுகள் பத்திரமாக இருந்தன. கருவியில் மட்டும் எழுதி வைத்திருந்த குறிப்புகள் போனது போனதுதான். தேர்வு நெருங்கிய நேரம், ஒரு பையன் என் மேசைக்கு முன்னால் வெற்றுத் திரையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றான். நான் வைத்திருந்த அச்சுப் பிரதிகளை நகலெடுத்துக் கொடுத்தேன். அப்புறம் வெள்ளிக்கிழமை தோறும் பாடம் முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்பு எல்லாரும் மேகச் சேமிப்பில் (கிளவுட்) நகல் எடுத்தாக வேண்டும் என்று வைத்துவிட்டேன்.

உங்கள் பிள்ளை அடுத்த ஆண்டு உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்புக்குப் போகிறதென்றால், கருவி கைக்கு வந்த அன்றே அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்துவிடுங்கள். காப்பீடு எத்தனை ஆண்டுக்கு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுடையது மூன்றாண்டோடு முடிந்தது. நான்காம் ஆண்டில் உடைந்த திரைக்குக் கைக்காசுதான் போட வேண்டியிருந்தது.