கேஸுக்கு மாற்று எது? தேவகோட்டை அடுப்படியில் போட்ட கணக்கு

போன மார்கழியில் அரிசிக் கடைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி, எங்கள் வீட்டு சிலிண்டரை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துக்கொண்டே வந்தேன். சிலிண்டரின் மேல் வளையத்தில் காலி எடை பொறித்திருக்கும். மொத்த எடையில் அதைக் கழித்தால், உள்ளே மிச்சம் இருக்கும் கேஸ் எவ்வளவு என்று தெரிந்துவிடும். நாங்கள் நான்கு பேர். 14.2 கிலோ கேஸ் 35 நாள் வந்தது. அதில் ஏறக்குறைய 4 கிலோ, அப்பத்தாவுக்கும் பையனுக்கும் தினமும் குளிக்க ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர் போட்டதிலேயே போயிருக்கிறது. குழம்பு, பொரியல், இட்லி, பலகாரம் எல்லாம் சேர்ந்து மீதிப் பத்துக் கிலோ.

கேஸுக்கு மாற்று தேடுகிறவர்கள் முதலில் எந்த அடுப்பு வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கடை கடையாக ஏறி இறங்கினேன். எந்த வேலைக்கு எவ்வளவு சூடு போகிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்குக் கணக்கு பிடிபட்டது. அப்பத்தாவின் வாளி வெந்நீருக்கு எந்த அடுப்பும் வேண்டியதில்லை. காலையிலேயே வளவு முற்றத்தில் வெயில் படும் இடமாகப் பார்த்து, வெளிப்பக்கம் கறுப்பு அடித்த அண்டாவில் தண்ணீர் நிரப்பி மூடி வைத்தால், நாலு மணிக்குக் குளிக்கப் பதமான சூட்டில் இருக்கிறது. அப்பத்தா இப்போது சாயங்காலம்தான் குளிக்கிறார். பள்ளிக்கூடம் போகிற பையனுக்கு அது ஒத்துவராது, அவனுக்கு வேறு வழி. பின்னால் சொல்கிறேன்.

சரி, ஒப்பிடுவதற்கு ஒரு பொது அளவு வேண்டும். மின்சாரம், விறகு, சாணம் எல்லாவற்றையும் மின் பில்லில் வருகிற யூனிட்டிலேயே அளந்துவிடலாம். ஒரு கிலோ சமையல் எரிவாயுவில் ஏறக்குறைய 12.7 யூனிட் சூடு இருக்கிறது. சிலிண்டர் முழுவதுக்கும் 180 யூனிட். வீட்டு அடுப்பில் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும், மிச்சம் பக்கவாட்டில் போய் அடுப்படியைச் சூடாக்கும். ஆக, ஒரு சிலிண்டர் நமக்குத் தருவது சுமார் 100 யூனிட் பயனுள்ள சூடு. அந்த 100 யூனிட்டை வேறு எதில், என்ன விலைக்கு வாங்கலாம் என்பதுதான் கேள்வி. சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பு

இதில் சூடு பாத்திரத்தின் அடியிலேயே உண்டாவதால் 85 சதவீதம் வரை பயன்படும். ஆகவே ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இது 120 யூனிட்டில் செய்துவிடும். யூனிட் 5 ரூபாய் என்றால் 600 ரூபாய். சிலிண்டரை விட 300 மிச்சம். யூனிட் ஏழரை ரூபாயைத் தொட்டால் இரண்டும் சமம், அதற்கு மேல் போனால் கேஸே மலிவு.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மீட்டர் பார்க்கிறார்கள், முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதோடு முடியாது. 101 முதல் 200 வரை கிடைத்த சலுகையும் கைவிட்டுப் போகும். எங்கள் வீட்டில் சமையல், வெந்நீர் முழுவதையும் இண்டக்‌ஷனுக்கு மாற்றினால் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் கூடும். இப்போது 250 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு அது தாங்கும். ஏசி போட்டு 400 ஓடுகிற வீட்டுக்குத் தாங்காது. அடுப்பு வாங்குவதற்கு முன்னால் கடைசி ஆறு பில்லையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள், முக்கியமாக கோடை மாத பில்லை.

அடுத்தது பாத்திரம். அடியில் காந்தம் ஒட்டினால் வேலை செய்யும், ஒட்டாவிட்டால் செய்யாது. பரணில் ஏறி ஒரு மணி நேரம் காந்தத்தோடு உட்கார்ந்தேன். பித்தளைத் தவலை, செம்பு, அலுமினியச் சட்டி, மண்சட்டி எதிலும் ஒட்டவில்லை. ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் அப்படித்தான். சீதனப் பாத்திரம் அறை நிறைய இருக்கிற வீட்டிலும் இண்டக்‌ஷனுக்கு ஆவது நாலைந்து எவர்சில்வர் பாத்திரமும் பழைய எனாமல் சட்டிகளும்தான். எனாமலுக்கு உள்ளே இரும்பு இருப்பதால், அடி தட்டையாக இருந்தால் அது நன்றாகவே வேலை செய்கிறது.

அப்புறம் நம் பலகாரம். வெள்ளைப் பணியாரத்துக்கும் கந்தரப்பத்துக்கும் குழிவான இருப்புச்சட்டி வேண்டும். கரண்டி மாவு எண்ணெயின் நடுவில் விழுந்து, விளிம்பு விரிந்து, எழும்பி வரவேண்டும். தட்டையான சட்டியில் அதே ஆழத்துக்கு இரண்டு மடங்கு எண்ணெய் ஊற்ற வேண்டியிருக்கிறது, பணியாரமும் பக்கத்துக்கு ஒன்றாகச் சாய்கிறது. தோசையில் நடு சிவக்கும்போது ஓரம் வெளுத்தே இருக்கும். ஆனால் பால் காய்ச்ச, சாதம் வடிக்க, இட்லி, இடியாப்பம் அவிக்க, குக்கர் வைக்க இதற்கு நிகரில்லை. சித்திரை வெயிலில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டே சமைக்கலாம் என்பதை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. ஆனால் எங்கள் வீட்டுப் பெண்கள் முதலில் சொல்வது அதைத்தான்.

2000 வாட் அடுப்பு 9 ஆம்பியர் வரை இழுக்கும். பழைய வீட்டு வயரிங்கில் ஐந்து ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகக் கூடாது. எங்கள் முதல் அடுப்பு இப்படித்தான் போயிற்று. கடையில் விற்றவர் பிளக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, மூன்றாம் வாரமே பிளக் உருகிக் கருகிவிட்டது. தனியாக 15 ஆம்பியர் பாயிண்ட் இழுத்து, எர்த்தும் சரிபார்த்த பிறகுதான் இரண்டாவது அடுப்பு வாங்கினோம். இதய பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வீட்டில் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எந்தப் பாத்திரமும் வைக்கலாம் என்று சொல்லி இன்ஃப்ராரெட் அடுப்பு விற்கிறார்கள். அது உண்மைதான், பித்தளையும் வைக்கலாம், பணியாரக் கல்லும் வைக்கலாம். ஆனால் கண்ணாடி சூடாகி, அது பாத்திரத்தைச் சூடாக்குவதால் மின்சாரம் கூடப் பிடிக்கும், அணைத்த பிறகும் வெகுநேரம் கை வைக்க முடியாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன்.

விறகு

சீமைக் கருவேலம் கண்மாய்க்குக் கண்மாய் மண்டிக் கிடக்கிற சீமை இது. வெட்டுவதற்கு ஆளும் இடமும் இருக்கிற வீட்டுக்கு விறகு ஏறக்குறைய இலவசம். காசு கொடுத்து வாங்குகிற வீட்டுக்கு அப்படி இல்லை. காய்ந்த விறகு ஒரு கிலோவில் நாலரை யூனிட் சூடு இருந்தாலும், திறந்த மண் அடுப்பில் பாத்திரத்துக்குச் சேர்வது அதில் பத்தில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கிலோவுக்கு அரை யூனிட். அப்படியானால் ஒரு சிலிண்டர் வேலைக்கு 200 கிலோ விறகு. கிலோ 6 ரூபாய் என்றாலே 1,200 ரூபாய் ஆகிவிடுகிறது. விறகு மலிவு என்று நாம் நினைப்பது, பொறுக்கி வந்தவர்களின் உழைப்புக்கு நாம் விலை போடாததால்தான்.

புகைபோக்கி வைத்து, காற்றோட்டம் சரியாகக் கட்டிய அடுப்பில் பயன் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், 80 கிலோவில் வேலை முடியும். 1983-இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கென்று தேசியத் திட்டமே தொடங்கியது. அடுப்பைக் கட்டிக் கொடுத்தால் போதாது, புகைபோக்கியில் அடைகிற கரியை மாதா மாதம் தட்டி எடுக்க வேண்டும். அதைச் செய்யாத வீட்டில் புகை மறுபடியும் முகத்துக்கே வரும்.

புகையைப் பற்றி மட்டும் நான் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டேன். வீட்டுக்குள் எழும் புகையால் 2020-இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்தக் காலத்து அடுப்படி பின்கட்டில், திறந்த முற்றத்தை ஒட்டி, உயரமான கூரையோடு இருந்தது. கொடி அடுப்பில் ஒரு விறகு இரண்டு பாத்திரத்தைக் கொதிக்க வைத்தது, புகை முற்றத்தின் வழியே வெளியேறியது. அப்படியிருந்தும் அப்பத்தாவுக்கு இருமல் போகவில்லை. இன்று பத்துக்குப் பத்து அடுப்படியில் கிராமத்து ருசி வேண்டும் என்று விறகைக் கொண்டுவந்து வைப்பதை யார் வீட்டிலும் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கறிக்குழம்புக்கு விறகுச் சூடு வேண்டுமென்றால் கொல்லையில் வையுங்கள்.

புதுவயல் பக்கம் அரிசி ஆலை உமி கிடைக்கும், மரக்கடையில் மரத்தூள் கிடைக்கும். தகர டின்னின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுக்கிக் குத்தி, பாட்டிலை உருவி எடுத்துப் பற்றவைக்கிற அடுப்பு இரண்டு மூன்று மணி நேரம் ஒரே சீராக எரியும். பையனின் காலை வெந்நீர் அதில்தான். இதுவும் வெளியில் வைக்க வேண்டியதே. கரியடுப்பும் அப்படித்தான்: புகை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும்.

வைக்கோல் பெட்டி

எனக்கு மிகவும் பிடித்தது இது. செலவு கிட்டத்தட்ட இல்லை. அரிசியோ பருப்போ வேகக் கொதிநிலைச் சூடு நீடித்தால் போதும். நாம் அரை மணி நேரம் கீழே எரித்துக்கொண்டே இருப்பது, மேலே ஆவியாகவும் பக்கவாட்டிலும் போகிற சூட்டை ஈடுகட்டத்தான். போகாமல் தடுத்துவிட்டால் எரிக்க வேண்டியதே இல்லை.

பழைய மரப்பெட்டி ஒன்றில் நாலு விரல் கனத்துக்கு வைக்கோலைத் திணித்து, நடுவில் பாத்திரம் அளவுக்குப் பள்ளம் விட்டேன். மேலே மூட பழைய தலையணை. புழுங்கல் அரிசியை ஊறவைத்து, தளதளவென்று பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி போட்டபடியே பெட்டியில் இறக்கினால், ஒரு மணி நேரத்தில் சாதம் பதமாக இருக்கிறது. கடையில் விற்கிற தெர்மல் குக்கரும் இதே வேலையைத்தான் செய்கிறது. துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, மொச்சை எல்லாம் ஊறவைத்துப் போட்டால் வேகும். தண்ணீர் கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டும், பெட்டிக்குள் வற்றாது. கறி, மீனை இதில் வைக்க வேண்டாம். வைத்த சாதத்தையும் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். இடையில் திறந்து பார்க்கிற பழக்கம் இருந்தால் இது சரிவராது. எங்கள் வீட்டில் முதல் வாரம் முழுக்க அதுதான் சண்டை.

சாண எரிவாயு

கல்லல் பக்கம் சித்தப்பா வீட்டில் இரண்டு மாடு, ஒரு கன்று. அவர்களுக்கு நான் இண்டக்‌ஷனையோ வேறு எதையுமோ சொல்லமாட்டேன். தினமும் 25 கிலோ சாணத்தை அதே அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றினால் ஒரு கனமீட்டர் வாயு கிடைக்கும், அது 430 கிராம் சிலிண்டர் கேஸுக்குச் சமம். மாதத்துக்கு 13 கிலோ. கிட்டத்தட்ட ஒரு சிலிண்டர் தொழுவத்திலிருந்தே வந்துவிடுகிறது, கழிவு நீர் வயலுக்கு நல்ல எருவாகிறது. 1984-இல் வந்த தீனபந்து மாதிரி செங்கல்லும் சிமெண்டும் வைத்துத் தரைக்கடியில் கட்டுவது, இரும்பு டிரம் துருப்பிடிக்கிற தொல்லை அதில் கிடையாது. நம் வெயில் இதற்கு மிகவும் தோது. ஒரே கவலை, கோடையில் தினம் 25 லிட்டர் தண்ணீர். மாட்டுத்தொட்டி கழுவின தண்ணீரையே அவர் அதற்குத் திருப்பிவிட்டார். மாடு இல்லாத வீட்டில், சமையல் கழிவை மட்டும் நம்பி இதில் இறங்காதீர்கள். நாலு பேர் வீட்டில் விழுகிற தோலும் மிச்சமும் ஒரு வேளைச் சமையலுக்குக்கூடப் போதாது.

வெயில்

பெட்டி வடிவ சூரிய அடுப்பு பகலில் இரண்டு மணி நேரத்தில் சாதம், பருப்பு வேகவைக்கும். தாளிக்க முடியாது, ராத்திரிச் சமையலுக்கும் ஆகாது. அதை வாங்குவதை விட அண்டாவும் வைக்கோல் பெட்டியும் மேல்.

கையில் பணம் புரட்ட முடிகிறவர்கள் கூரை மேல் சூரியத் தகடு போடலாம். 2024-இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்று அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் நாளைக்கு நாலு யூனிட் தரும், மாதத்துக்கு 120. மேலே சொன்ன கணக்கில் அது சரியாக ஒரு சிலிண்டர். இண்டக்‌ஷன் 500 யூனிட்டைத் தாண்டவைக்கும் என்று பயப்படுகிற வீட்டுக்கு இதுதான் வழி. ஆனால் ஓட்டுச் சரிவின் மேல் ஆள் ஏறித் தகடு பொருத்துவது பழைய வீட்டில் சுலபமில்லை. மொட்டை மாடித் துண்டு எங்காவது இருந்தால் அங்கே போடுங்கள், முகப்புக் கூரையைத் தொடவேண்டாம்.

எங்கள் வீட்டில் இப்போது அவிப்பது, காய்ச்சுவது, குக்கர் இண்டக்‌ஷனில். மத்தியானச் சாதமும் பருப்பும் பெட்டியில். வெந்நீருக்கு அண்டாவும் மரத்தூள் அடுப்பும். தாளிப்பு, தோசை, பணியாரம், சீயம் மட்டும் கேஸில். சிலிண்டர் 90 நாளைத் தாண்டி ஓடுகிறது. இரண்டு மாத மின் பில்லில் கூடியது 90 யூனிட். கையில் மூவாயிரம் ரூபாய்தான் இருக்கிறது, எதில் தொடங்குவது என்று எதிர் வீட்டு ஆச்சி கேட்டார். “வைக்கோல் பெட்டியை இன்றைக்கே செய்துவிடுங்கள் ஆச்சி, அப்புறம் அந்த 15 ஆம்பியர் பாயிண்ட். அடுப்பு கடைசியில் வாங்கிக்கொள்ளலாம்” என்றேன்.