களிமண்ணில் பம்பரக் கேரட்: ஐந்து வருட அனுபவம்

என் தோட்டத்து மண் சுத்தக் களிமண். நனைந்தால் செருப்போடு வரும், காய்ந்தால் மண்வெட்டி எகிறும். இதில் நீளக் கேரட்டை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். இழுத்தால் பாதி கையில் வரும், மீதி மண்ணுக்குள் நிற்கும். முழுசாக வந்தவையும் இரண்டு கால், மூன்று கால் என்று கிளை விட்டிருந்தன.

அப்புறம்தான் சாந்தனே ரகத்துக்கு மாறினேன். 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் நாந்த் நகரை ஒட்டிய சாந்தனே பகுதியில் பெயரெடுத்த பழைய ரகம் இது. பார்க்கப் பம்பரம் மாதிரி இருக்கும். மேலே தோள் அகன்று, கீழே சட்டென்று குறுகி, நுனி மழுங்கியிருக்கும். 12 முதல் 15 சென்டிமீட்டர் வரைதான் நீளம். ஆழமாக இறங்க வேண்டிய வேலை இல்லாததால் இறுகிய மண்ணிலும் சமாளித்துக்கொள்கிறது. ஆனாலும் ஒரு சாண் ஆழத்துக்காவது கொத்திக் கல்லைப் பொறுக்கிவிட வேண்டும். புதுச் சாணத்தை மட்டும் போடாதீர்கள், வேர் கவட்டை விடும். நன்றாக மட்கிய உரம் போதும், அதுவும் கொஞ்சமாக.

முதல் வருடம் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். கேரட் விதை முளைக்க இரண்டு வாரம், சில நேரம் மூன்று வாரம்கூட ஆகும் என்று எனக்குத் தெரியாது. பத்தாம் நாளும் பாத்தி வெறுமையாகக் கிடக்கவே, விதை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, அதே வரிசைகளில் முள்ளங்கி விதையைத் தூவிவிட்டேன். முள்ளங்கி நாலே நாளில் தலை காட்டியது. 17-ஆம் நாள் காலையில் அதற்கு நடுவே நூல் போல மெல்லிய பச்சை! புல் என்று நினைத்துப் பிடுங்கக் குனிந்தவன், விரலில் கேரட் வாசனை அடிக்கவும் நிறுத்தினேன். அன்றிலிருந்து இரண்டையும் சேர்த்தேதான் விதைக்கிறேன். முள்ளங்கி முதலில் முளைத்து வரிசை எங்கே என்று காட்டிவிடும், மேல்மண் பொருக்கையும் உடைத்துக் கொடுக்கும். கேரட்டுக்கு இடம் தேவைப்படும் நேரத்தில் அதைப் பிடுங்கிச் சாப்பிட்டுவிடலாம்.

இந்த ரகத்தில் கண்டிப்பாகச் செய்ய வேண்டியது நெருக்கத்தைக் குறைப்பது. முளைத்த செடியைப் பிடுங்க மனசு வராமல் இரண்டாம் வருடம் அப்படியே விட்டேன். பென்சில் பென்சிலாகத்தான் கிடைத்தது. அகலத் தோள் உள்ள கேரட் என்பதால் செடிக்குச் செடி நான்கு விரல் இடைவெளி கொடுக்கிறேன். வேண்டாத செடியை இழுக்காமல் கத்தரியால் தரையோடு வெட்டினால் பக்கத்து வேர் அசையாது. தோள் மண்ணுக்கு மேலே தெரிந்தால் மண் அணைத்துவிட வேண்டும். வெயில் பட்ட இடம் பச்சையாகிக் கசக்கும்.

அறுவடைக்கு 70 நாள் கணக்கு. இன்னும் பெருக்கட்டுமே என்று ஒரு முறை 110 நாள் விட்டேன். நடுவில் சில நாள் தண்ணீர் விடாமல் இருந்துவிட்டு, பிறகு பெருமழை பெய்தது. பாதிக் கேரட் நெடுக வெடித்திருந்தது. நறுக்கினால் நடுத்தண்டில் கத்தி நின்று நின்றுதான் இறங்கியது. பெரிய கேரட்டுக்கு ஆசைப்பட்டால் விறகுதான் மிச்சம்.

சமையலுக்கு வருவோம். பச்சையாகக் கடித்துத் தின்ன இதைவிட நல்ல ரகங்கள் இருக்கின்றன. இது கொஞ்சம் முரட்டுச் சதை. அடுப்பில் ஏறினால்தான் இதன் அருமை தெரியும். இளசாக இருந்தால் தோல் சீவ வேண்டாம், தேய்த்துக் கழுவினால் போதும். விரல் தடிமனுக்கு வட்டமாக நறுக்கி, அகலமான சட்டியில் ஒரே அடுக்காகப் பரப்பி, அரை டம்ளர் தண்ணீர், உப்பு, ஒரு கட்டி வெண்ணெய் சேர்த்து மூடி வைக்கிறேன். பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்து மூடியை எடுத்துத் தண்ணீரைச் சுண்ட விட வேண்டும். சலசலப்பு அடங்கி, சடசடவென்று பொரியும் சத்தம் கேட்கும்போது பாருங்கள், சட்டியில் மிஞ்சிய வெண்ணெய் ஆரஞ்சு நிறமாக மாறியிருக்கும். கேரட்டின் நிறமியான பீட்டா கரோட்டின் கொழுப்பில்தான் கரையும், அதனால்தான். வட்டங்களின் விளிம்பு சிவந்திருக்கும், ஆனால் குழைந்திருக்காது. சூப்புக்கும் நல்ல கெட்டி கொடுக்கிறது.

பறித்ததும் தழையை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அது வேரிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு கேரட்டைத் துவள வைத்துவிடும். ஃப்ரிட்ஜில் ஆப்பிள் பக்கத்திலும் வைக்காதீர்கள். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயுவால் கேரட் கசந்துபோகும். இது தெரியாமல் ஒரு மாதம் ரகத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பாரம்பரிய ரகம் என்பதால் சொந்த விதை எடுக்கலாம் என்பார்கள். எடுக்கலாம்தான், ஆனால் லேசில்லை. கேரட் இரண்டு பருவப் பயிர். குளிர் கண்டால்தான் பூக்கும். நல்ல வேர்களாக ஆறு தேர்ந்தெடுத்து, ஈர மணலில் புதைத்து ஃப்ரிட்ஜில் பத்து வாரம் வைத்துத் திரும்ப நட்டேன். இடுப்புக்கு மேல் வளர்ந்து வெள்ளைக் குடை விரித்தது, தேனீக்கள் மொய்த்தன. அதே நேரம் மூலையில் வேறொரு கேரட்டும் பூத்திருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. தேனீக்கள் இரண்டின் மகரந்தத்தையும் கலந்துவிட்டன. அடுத்த பருவத்தில் வந்ததில் பாதிக் கேரட் நீளமாக இருந்தது, நிறமும் வெளுப்பு. போதாக்குறைக்கு, ஆறு செடி என்பது கேரட்டுக்கு மிகக் குறைவு. சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்து சேர்ந்து வம்சம் நோஞ்சானாகிவிடும். இப்போது விதையைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன். மூன்று வருடம் தாண்டிய பொட்டலத்தை நம்புவதில்லை.

இந்த வருட விதைப்பு முடிந்து இன்றோடு 12 நாள். முள்ளங்கி இலை விட்டு நிற்கிறது, கேரட்டைக் காணோம். பூவாளியில் தண்ணீர் தெளித்துவிட்டு வந்துவிட்டேன்.