ஓவியக் கல்லூரியா, ஃபேஷன் கல்லூரியா? இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தவன் சொல்வது

ஓராண்டு ஓவியம் படித்தேன், அப்புறம் அதை விட்டுவிட்டு நான்கு ஆண்டு ஃபேஷன் டிசைன். அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள், நான் துணிப் பக்கம்தான்.

செலவு இரண்டிலும் உண்டு. அங்கே வண்ணமும் கேன்வாஸும் காசைத் தின்னும், இங்கே துணி தின்னும். வேலை ஃபேஷனில் கொஞ்சம் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் முதல் சில ஆண்டுகள் இன்னொருவர் வரைந்ததைத் தைக்கத் தோதாக மாற்றிக் கொடுக்கும் வேலைதான். பார்க்கக் கற்றுக்கொடுப்பதில் ஓவியக் கல்லூரியை அடித்துக்கொள்ள ஆளில்லை. தோள் எந்த இடத்தில் திரும்புகிறது என்று இன்றைக்கும் என் கண்ணுக்குத் தெரிவது அந்த ஓராண்டின் புண்ணியம்.

ஓவியம் என்றால் கலை, துணி என்றால் கைவேலை என்ற பேச்சை மட்டும் நான் ஏற்க மாட்டேன். கலைக்கும் கைத்தொழிலுக்கும் நடுவே சுவரே வேண்டாம் என்று 1919இல் ஜெர்மனியின் வைமாரில் தொடங்கிய பௌஹவுஸ் கலைப் பள்ளியிலேயே பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்குத்தான் ஒதுக்கினார்கள். அப்படி அரைமனதோடு தறிக்குப் போன அன்னி ஆல்பர்ஸின் படைப்புகளுக்கு 1949இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் தனிக் கண்காட்சியே வைத்தது.

சரி, நான் ஏன் துணிப் பக்கம் சாய்ந்தேன்? செய்தது தப்பு என்று சொல்ல அங்கே ஓர் உடம்பு இருக்கிறது, அதனால்தான். ஓவிய வகுப்பில் என் படத்தை யாராவது குறை சொன்னால் நான் பேசியே தப்பித்துவிடுவேன், "அந்தக் கோணல் வேண்டுமென்றே போட்டது" என்று சொன்னால் போதும். மூன்றாம் ஆண்டில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவருக்குக் கால்சட்டை தைக்கும் வேலை வந்தது. வரைபடத்துக்கு வகுப்பில் நல்ல பாராட்டு. தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவர் போட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்சம் முன்னால் குனிந்து முதுகைக் காட்டினார். பின்னிடுப்பு கீழே இறங்கிக் கிடந்தது, முன்பக்கத் துணி வயிற்றில் மூட்டையாகச் சுருண்டிருந்தது. நிற்கிற ஆளுக்கான பேட்டர்னை, அதாவது துணி வெட்டும் அளவு வரைவை, உட்கார்ந்தே இருப்பவருக்கு வெட்டியிருக்கிறேன்! கவட்டிலிருந்து இடுப்பு வரையுள்ள உயரத்தைப் பின்பக்கம் கூட்டி, முன்பக்கம் குறைத்து, கால் நீளத்தைக் கொஞ்சம் கூட்டி, பின் பாக்கெட்டுகளை எடுத்தே விட்டேன். நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்குத் தடித்த தையலும் பாக்கெட்டும் அழுத்தி அழுத்திப் புண்ணாக்கிவிடும், இது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. நான்காவது மாதிரிதான் சரியாக உட்கார்ந்தது. சமூகத்துக்கு ஃபேஷன் படிப்பால் என்ன பயன் என்று கேட்பவர்களிடம் நான் மேடை அலங்காரத்தைப் பற்றிப் பேசுவதில்லை, இந்தக் கால்சட்டைக் கதையைத்தான் சொல்வேன்.

நாங்கள் பதில் சொல்ல வேண்டியது உடுத்துபவருக்கு மட்டுமில்லை, தைப்பவருக்கும்தான். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலோர் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள். மோசமான ஓவியத்தால் யாருக்கும் காயம் படாது, ஆனால் கடைசி நேரத்தில் டிசைனை மாற்றிவிட்டு அதே தேதிக்குச் சரக்கு வேண்டும் என்று கேட்டால் அந்த நெருக்கடி தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் தலையில்தான் விடியும். நான் படித்த இடத்தில் இதற்கு ஒதுக்கியது ஒரே ஒரு வகுப்பு, அதுவும் தேர்வுக்கு முந்தின வாரம். ஃபேஷன் கல்லூரிமேல் எனக்குள்ள பெரிய குறை இதுதான்.

எதிர்ப்பக்க நியாயமும் இருக்கிறது. துணியைக் குறுக்குச் சாய்வாக வெட்டி உடம்போடு வழிய விட்ட பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் மாட்லென் வியோனே கல்லூரிப் பக்கமே போனதில்லை, சிறுமியாகத் தையலகத்தில் சேர்ந்து வேலை கற்றவர். ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே கல்லூரியில் படித்தது கிராஃபிக் டிசைன். ஆக, ஓவியத்தில் சேர்ந்தால் துணிப் பக்கம் கதவு அடைபடும் என்று பயப்பட வேண்டாம். சிற்பம், அச்சுக்கலை பக்கம் நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை, அங்கே படித்தவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

விண்ணப்பம் போடுமுன் ஒரு பழைய கால்சட்டையைத் தையல் தையலாகப் பிரித்து, மறுபடி அப்படியே தைத்துப் பாருங்கள். பாதியில் சலித்துப்போய் அந்தத் துண்டுகளைத் தரையில் பரப்பி வரைய உட்கார்ந்துவிட்டீர்கள் என்றால் ஓவியத்திலேயே சேர்ந்துவிடுங்கள்.