மணிக்கட்டில் சின்ன எலும்பு முறிவு: 16,500 ரூபாய் கட்டி ஏமாந்தோம்

ஏப்ரல் கடைசியில் என் ஏழு வயது மகள் சைக்கிளிலிருந்து கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு லேசாக வீங்கியிருந்தது, விரல்கள் அசைந்தன. பதறிப்போய் பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எக்ஸ்ரே எடுத்ததும் ‘எலும்பு முறிஞ்சிருக்கு, அட்மிட் பண்ணணும்’ என்றார்கள். என்ன வகை முறிவு என்று அவர்கள் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

டாக்டர் ஃபீஸும் முதல் எக்ஸ்ரேயும் 900, ஓர் இரவு தங்க 6,500, முழங்கைக்கு மேல் வரை ஃபைபர் கட்டு 5,200, அப்புறம் மூன்று முறை எக்ஸ்ரேயோடு ரிவ்யூ 3,300, கட்டைப் பிரிக்க 600. ஆக 16,500 ரூபாய். பணம் போனதைவிட அவள் பட்ட பாடுதான் எனக்கு ஆறவில்லை. மே மாத வெயிலில் கட்டுக்குள் வியர்த்து அரிப்பெடுத்து, அடிஸ்கேலை உள்ளே விட்டுச் சொறிந்திருக்கிறாள். நாலாவது வாரம் பிரித்தபோது தோல் உரிந்து, முழங்கை மடிப்பில் புண். கையை நீட்டச் சொன்னால் பயந்து அழுதாள்.

அதற்கு மேல் பத்து நாள் பிசியோதெரபி என்றதும்தான் சந்தேகம் வந்தது. எக்ஸ்ரே படங்களை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். எலும்பு டாக்டர் முதல் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பின் ஓரத்தில் கடுகளவு புடைப்பைக் காட்டினார். ‘இது பக்கிள் ஃபிராக்சர்மா. ரெண்டா உடையல, அமுங்கிப் புடைச்சிருக்கு. இது விலகாது. க்ரேப் பேண்டேஜும் வலி மருந்தும் போதும், பிசியோவும் வேண்டாம்’ என்றார். அந்த பேண்டேஜ் மருந்துக்கடையில் 150 ரூபாய்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். இந்த முறிவுக்குக் கெட்டியான மாவுக்கட்டு வேண்டாம், மறுபடி வரவழைக்கவும் பொதுவாகத் தேவையில்லை என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016லேயே சொல்லிவிட்டது. அங்கே 23 மருத்துவமனைகளில் 4 முதல் 15 வயது வரையிலான 965 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சாதாரண பேண்டேஜ் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைகளுக்கும், கையை அசையாமல் கட்டிய பிள்ளைகளுக்கும் மூன்றாம் நாள் வலியில் வித்தியாசமே இல்லை.

எல்லா முறிவும் இப்படி இல்லை. எலும்பு முழுதாக உடைந்திருந்தால், கை கோணியிருந்தால், கட்டு கட்டாயம். அதனால் எக்ஸ்ரே எடுக்காமல் வீட்டிலேயே முடிவு செய்துவிடாதீர்கள். படம் வந்ததும் ‘பக்கிளா, வேறா?’ என்று கேளுங்கள். பக்கிள் என்று சொல்லியும் அட்மிஷன் பேச்சு எடுத்தால், பணம் கட்டும் முன் அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு இன்னொரு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.